ஜெறோம் தோள் மாற்றிய திருநாள்

எங்கள் பிள்ளைகளான நீங்கள் சிலர் இந்தத் தொழிலுக்கு வந்து சேர்ந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பனி முழங்கால் அளவுக்குக் கிடக்கும் காலத்தில் ஜன்னலோரம் இருந்துகொண்டு, வரப்போகும் கோடையில் எந்த பேஸ்போல் அணி வெல்லும், எது மண் கவ்வும் என்று எழுதிக் கொடுப்பதும் ஒரு வேலைதான் என்று என் காலத்தில் எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்த முடியவில்லை. "சாத்திரம் சொல்லுறீங்களோ?" என்று கேட்பார்கள். ஓம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவேன். வாதாடுவதைவிட அது சுகம்.

அனுபவத்தைத் தமிழில் எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் வாசிக்க வராது என்பது எனக்குத் தெரியும். வாசிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். கணக்கு எப்படிப் போடுவது என்பதை நான் எழுதப்போவதில்லை. அதை உங்கள் கணினி என்னைவிட நன்றாகச் செய்யும்.

நான் இதற்குள் வந்தது கிரிக்கெட் வழியாக. என் கணவர் ஊரில் கிரிக்கெட் நடுவராக நின்றவர். மொன்றியலுக்கு வந்த புதிதில், இந்த நகரத்துக்கென்று ஒரு பேஸ்போல் அணி இருந்த காலத்தில், தொலைக்காட்சியில் ஆட்டம் போட்டால் அவர் ஒவ்வொரு பந்துக்கும் "நோ போல்! நோ போல்!" என்று கத்துவார். முழங்கையை மடக்கி எறிகிறான், இது எறிதல், பந்துவீச்சு இல்லை என்பது அவருடைய வழக்கு. "இது வேறை விளையாட்டப்பா, இஞ்சை மடக்கித்தான் எறியிறது" என்று நான் சொல்லச் சொல்ல அவர் கேட்கமாட்டார். அவரோடு மல்லுக்கட்டி மல்லுக்கட்டியே எனக்கு முழங்கையைப் பார்க்கும் பழக்கம் வந்தது. மற்றவர்கள் பந்தைப் பார்த்தார்கள். நான் முழங்கையைப் பார்த்தேன். அப்போது சென்ட் லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் இருந்தேன். ஒரு குளிசை எத்தனை மாதத்துக்குப் பழுதாகாமல் இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்வது அங்கே என் வேலை. குளிசையை விட்டு மனிதர்களுக்கு மாறினேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் அலுவலகம் வில்லரேயில், டெப்பனர் என்று இங்கே சொல்லும் ஒரு மூலைக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. மேலாளர் லூக் இந்த ஊர்ப் பிரெஞ்சுக்காரர், வாய்விட்டுச் சிரிப்பவர், கோபம் வந்தால் வாய் திறக்காதவர். பத்திரிகைகளுக்கும் வானொலிகளுக்கும் முன்கணிப்பு எழுதினோம். சில அணிகளும் எங்களிடம் கேட்டன. ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் பிட்சர்களை, அதாவது பந்தை எறிபவர்களை, மதிப்பிடுவது என் பங்கு. ஓர் அணிக்கு அப்படி ஐந்து பேர், ஆளுக்கொரு ஆட்டமாகச் சுற்றி வருவார்கள்.

அதில் முதலாமவனையும் இரண்டாமவனையும் பற்றி யாரும் எழுதலாம். அவர்கள் எப்படியும் விளையாடுவார்கள், நீங்கள் பிழையாக எழுதினால் நாலு பேர் சிரிப்பார்கள், அதோடு போயிற்று. ஐந்தாமவனைப் பற்றி எழுதும்போதுதான் ஒருவனின் சோற்றில் கை வைக்கிறோம். அந்த இடத்துக்கு இரண்டு பேர் நிற்பார்கள். ஒருவன் விளையாடுவான், மற்றவன் பெட்டியைக் கட்டுவான். இதை நினைவில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள்.

ஜெறோமின் பெயர் உங்கள் எல்லோருக்கும் தெரியும். அப்போது அவன் முப்பதைத் தாண்டியவன். சிறிய அணிகளிலேயே ஆண்டுக்கணக்காக எறிந்து, பஸ்ஸிலும் மலிவான ஹோட்டல்களிலும் இளமையைக் கழித்தவன். தெற்கே ஒரு பெரிய அணி அந்த ஆண்டு அவனைப் பயிற்சி முகாமுக்குக் கூப்பிட்டிருந்தது. ஐந்தாவது இடத்துக்கு அவனா, டொமினிக்கன் நாட்டிலிருந்து வந்த இன்னொருவனா என்று அந்த அணி எங்களிடம் கேட்டது. அந்தக் கேள்வி என் மேசைக்கு வந்தது. திங்கட்கிழமை பதில் போகவேண்டும்.

ஜெறோம் எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த பிள்ளை. எங்கள் கோயிலில் பெப்ரவரியில் மாதா திருநாள் வரும். வெளியே போனால் மாதாவும் உறைந்துபோவார் என்பதால், சுரூபத்தைச் சின்னத் தேர் போன்ற ஒரு கூட்டில் வைத்து, கோயிலுக்குள்ளேயே மூன்று தரம் சுற்றி வருவோம். அந்தக் கூட்டை இரண்டு நீளத் தடிகளில் வைத்து ஆண்கள் தோளில் சுமப்பார்கள். யார் எந்த இடத்தில் பிடிப்பது என்பது எங்கள் ஆட்களிடம் எழுதாத சட்டம். மன்னாரில் தகப்பன் பிடித்த இடத்தை மொன்றியலில் மகன் பிடிப்பான். இடப்பக்கத்துத் தடியின் முன்முனை ஜெறோமின் தகப்பனுடையது. அவர் காலமான பிறகு அது ஜெறோமுடையதாயிற்று. அந்த இடத்தில் நிற்பவனுக்குத் தடி வலது தோளில் வரும், வலது கையை மடக்கி உயர்த்தி அதைப் பிடிக்க வேண்டும். ஒரு வலக்கைப் பிட்சர் செய்யக்கூடிய காரியமா அது? அவனுடைய பயிற்சியாளர்கள் அறிந்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்கள். அவனோ ஒவ்வோர் ஆண்டும் முகாமுக்குப் போவதற்கு முன் வந்து, "மாதா பாரமில்லை அன்ரி" என்று சிரித்துக்கொண்டு தூக்குவான்.

அந்தத் திருநாளில், திங்கட்கிழமைக்கு முந்திய சனி காலையில், அவன் கூட்டடிக்கு வந்தான். தகப்பனின் இடத்தில் நின்றான். பிறகு வலப்பக்கத்தில் நின்றவரின் காதில் ஏதோ சொல்லி, அவரோடு இடம் மாறினான். தடியை இடது தோளில் வாங்கிக்கொண்டான். கோயிலுக்குள் சின்னதாக ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. அவனுடைய தாய் பிலோமினா எனக்கு முன்வரிசையில் நின்றார். அவரின் முதுகு விறைத்ததைக் கண்டேன்.

புத்தி வந்துவிட்டது, எறிகிற தோளைப் பாதுகாக்கிறான் என்றுதான் நானும் நினைத்தேன். அப்படியே நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். ஆனால் பிறகு கீழ் மண்டபத்தில் தேநீர் கொடுத்தார்கள். அவன் கோப்பையை இடது கையால் வாங்கினான். புறப்படும்போது குளிர் அங்கியின் சிப்பை வலது கையால் பிடித்தான், அது நழுவியது, இன்னொரு தரம் பிடித்தான், மறுபடியும் நழுவியது. பிறகு யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு இடது கையால் இழுத்து மூடினான். வலது கையின் கடைசி இரண்டு விரல்களும் மடியவே இல்லை. மண்டபத்தில் வெக்கை தாங்காமல் பிள்ளைகள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். குளிரில் விறைத்தது என்று சொல்ல வழியில்லை.

அங்கிகள் தொங்கவிடும் அறைக்குள் அவனைக் கூப்பிட்டேன்.

"எப்ப இருந்து?" என்று கேட்டேன்.

அவன் ஏன் என்று கேட்கவில்லை. "மார்கழியிலை இருந்து, அன்ரி. எறிஞ்சு முடிய சின்ன விரல் விறைக்குது. பேந்து சரியாகும்."

"ஆருக்குச் சொன்னனி?"

"இப்ப உங்களுக்கு. அதுவும் நீங்கள் கண்டபடியால்."

"டொக்டர்?"

"போனால் என்ன சொல்லுவினம் எண்டு எனக்குத் தெரியும். என்னை முகாமுக்கு வந்து பார் எண்டுதான் கூப்பிட்டவை. கை சரியில்லை எண்டால் வாசலிலையே திருப்பி அனுப்பிப் போடுவினம். இந்த வயசிலை என்னை ஆர் இன்னொருக்காக் கூப்பிடப் போகினம்?" அவன் குரல் உயரவில்லை. "அம்மா பங்கு முழுக்கச் சொல்லிப் போட்டா. அந்த அணி ரொறன்ரோவுக்கு வந்து நான் எறியேக்கை பாக்கிறதுக்கு ரெண்டு பஸ் பிடிச்சிருக்கினம். நல்லாய் எழுதுங்கோ எண்டு நான் கேக்கேல்லை அன்ரி. இஞ்சை கண்டதை எழுதாதேங்கோ. அவ்வளவுதான்."

அவன் என் அங்கியைக் கொக்கியிலிருந்து எடுத்து இடது கையால் நீட்டினான்.

மறுநாள் பின்னேரம் பிலோமினா சென்ட் லோரன்டில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பெரிய பெட்டி நிறையக் காரமாகப் பொரித்த ரோல்ஸ், இன்னும் சூடாக இருந்தன. மகனுடைய கையைப் பற்றி அவருக்கு ஒரு துளியும் தெரியாது. இடம் மாறியதைத்தான் குறைப்பட்டார்.

"தகப்பன்ர இடத்தை விட்டிட்டு அங்கால போய் நிக்கிறான் அக்கா. பெரிய ஆளாகீட்டாராம், தோள் நோகுமாம்." பிறகு என் கையைப் பிடித்தார். "நீங்கள் எழுதிறதைத்தான் அவங்கள் பாப்பாங்களாம். எங்கட பிள்ளையைக் கொஞ்சம் பாத்து எழுதுங்கோ. வேறை ஆர் இருக்கினம் எங்களுக்கு?"

பள்ளிக்கூடத்தில் இடம் வாங்க அதிபரிடம் ஒரு சொல் போட்டுவிடுவதுபோல்தான் அவர் அதை நினைத்தார். அவரில் பிழையில்லை. நான் தேநீர் போட்டுக் கொடுத்து, ரோல்ஸ் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். நன்றாகத்தான் இருந்தது. ஒன்றோடு நிறுத்தி, பெட்டியை மூடி வைத்தேன்.

அவர் போன பிறகு கணவர் பத்திரிகைக்குப் பின்னாலிருந்து, "என்ன, பிள்ளைக்குக் கை சரியில்லையோ?" என்றார். நடுவர் கண் அவருக்கும் இருந்தது. "உங்களுக்கு ஒண்டும் தெரியாது" என்றேன். "எனக்கு ஒண்டும் தெரியாது" என்று அவர் மறுபடியும் பத்திரிகைக்குள் போய்விட்டார்.

என் முன்னால் இருந்ததை அப்படியே சொல்கிறேன். கண்டதை எழுதினால், கோயிலுக்குக் கும்பிடப் போன இடத்தில் ஒருவனின் நோவைப் பார்த்து வந்து விற்றதாகிவிடும். எழுதாமல் அவனுடைய பழைய ஆட்டங்களை மட்டும் வைத்து நல்ல மதிப்புக் கொடுத்தால், என் பெயரில் ஒரு பொய் போகும். அந்தப் பொய்யை நம்பி மற்றவன் பெட்டியைக் கட்டுவான். அவனுக்கும் எங்கோ ஒரு தாய் இருப்பாள், அவளால் என் வீட்டுக்குப் பலகாரம் கொண்டு வர முடியாது என்பதுதான் வித்தியாசம். எல்லாவற்றுக்கும் மேலே, அந்தக் கை. மார்கழியிலிருந்து விறைக்கும் கையால் முழு வேகத்தில் எறிந்தால் அது எத்தனை நாளைக்குத் தாங்கும் என்பது எனக்குத் தெரியும். குளிசைக்கே நாள் சொன்னவள் நான்.

இருட்டுவதற்கு முன் ஜெறோமுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"நாளைக்கு உன்னைப் பற்றி நான் எழுதப் போறதில்லை. விலகிறன். ஏன் எண்டு கேட்டால், குடும்பத்தைத் தெரியும் எண்டு சொல்லுவன். அதுக்கு மேலை ஒரு சொல்லும் என்ர வாயிலை இருந்து வராது."

"வேறை ஆரும் எழுதினால்?"

"காகிதத்திலை இருக்கிறதைப் பாத்து எழுதுவினம். காகிதத்திலை உனக்கு ஒரு குறையும் இல்லை."

"அப்ப எனக்குக் கிடைச்சிடும்" என்றான். அதில் சந்தோஷம் இருந்ததாக எனக்குப் படவில்லை.

"கிடைக்கும். கிடைச்ச பிறகு அந்தக் கையோடை பந்தெறியிற மேட்டிலை ஏறி நிக்கப்போறது நீ. நான் இல்லை, அம்மா இல்லை, ரெண்டு பஸ்ஸிலை வாற ஆக்களும் இல்லை. நான் கண்டதை அங்கை உள்ளவை காண எவ்வளவு நாள் எடுக்கும் எண்டு நீயே யோசி. சொல்லுறதெண்டால் நீயாய்ச் சொல்லு."

திங்கட்கிழமை காலை லூக்கிடம் போய் விலகுகிறேன் என்றேன். நாங்கள் பிரெஞ்சில் கதைத்தோம், தமிழில் தருகிறேன்.

"இத்தனை வருடத்தில் நீ ஒருவரிடமிருந்தும் விலகியதில்லை. நீ விலகுவதே எனக்கு ஒரு மதிப்பீடு மாதிரித்தான் தெரிகிறது" என்றார்.

இந்த இடத்தில்தான் எனக்கு வியர்த்தது. முகத்தில் ஒரு சின்னச் சுழிப்புக் காட்டியிருந்தாலே போதும், அவர் மிச்சத்தைப் படித்திருப்பார், ஜெறோமின் கதையும் முடிந்திருக்கும். நான் ரோல்ஸ் பெட்டியைத் திறந்து மேசையில் வைத்தேன்.

"இது அவனுடைய தாய் நேற்று என் வீட்டுக்குக் கொண்டு வந்தது. இதைச் சாப்பிட்டுவிட்டு நான் எப்படி அவனை மதிப்பிடுவது?"

லூக் ஒன்றை எடுத்துக் கடித்தார். காரம் அவர் கண்ணில் தண்ணீரை வரவழைத்தது. இன்னொன்றையும் எடுத்தார். "அப்படியென்றால் இப்போது நானும் விலக வேண்டும்" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, ஜெறோம் பற்றிய கோப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மத்தியானத்துக்குள் எழுதி முடித்தார். ஐந்தாவது இடத்துக்கு ஜெறோம், சந்தேகமே இல்லை. காகிதத்தை மட்டும் பார்த்திருந்தால் நானும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

முகாம் தொடங்கியது. நான் காலையில் எழுந்தவுடன் கணினியைத் திறந்து, செய்தி இல்லை என்று கண்டு மூடுவேன். பிட்சர்கள் முதன்முதலாக முழு வேகத்தில் எறிய வேண்டிய நாள் வந்தது. அன்று காலை, பந்தைக் கையில் எடுப்பதற்கு முன், ஜெறோம் அணியின் மருத்துவரிடம் தானாகவே போனான். முழங்கையின் உட்பக்கத்து நார் கிழியத் தொடங்கியிருந்தது. நரம்பும் நசிந்திருந்தது. எறிந்திருந்தால் அன்றைக்கே அறுந்திருக்கும் என்று மருத்துவர் சொன்னாராம். அறுவைச் சிகிச்சை, அதன்பின் ஒரு பருவம் முழுவதும் வீட்டில். அவன் பயந்ததுபோலவே அந்த அணி அவனை அனுப்பிவிட்டது. அவனுடைய இடத்தில் மற்றவன் நின்றான், நன்றாகவும் எறிந்தான்.

லூக் என் மேசைக்கு வந்து நின்றார். "உனக்குத் தெரிந்திருந்தது" என்றார்.

"எனக்கு ரோல்ஸ்தான் தெரியும்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அந்த அணி மறு ஆண்டு எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. லூக் ஒரு பருவம் முழுவதும் எனக்குப் பிட்சர்களைத் தராமல், பந்தை அடிப்பவர்களை மட்டுமே தந்தார். அலுவலகத்துக்குச் சேர வேண்டிய உண்மையை நான் மறைத்தேன் என்பது அவருடைய எண்ணம். அவர் நியாயம் அவருக்கு. உங்களில் சிலர் அவர் பக்கம் நிற்பீர்கள், நில்லுங்கள். இதை வைத்துச் சண்டை பிடிக்காத அலுவலகத்தில் வேலை செய்யாதீர்கள். எனக்கு மறுபடியும் அந்தத் திங்கட்கிழமை வந்தால் அதே பெட்டியைத்தான் திறப்பேன்.

கோயிலில் நடந்தது வேறு. நான்தான் போய்ச் சொல்லிக்கொடுத்தேன் என்று ஒரு கதை. அதைவிட வலுவான கதை, என் கண்ணூறு பட்டுத்தான் பிள்ளையின் கை போயிற்று என்பது. "அண்டைக்குத் திருநாளிலை அவனையே வச்ச கண் வாங்காமல் பாத்துக்கொண்டு நிண்டவ" என்று பிலோமினா எல்லோரிடமும் சொன்னார். நான் பார்த்தது உண்மை, மறுக்க என்ன இருக்கிறது? அதற்குப் பிறகு பெண்கள் தங்கள் பிள்ளைகளின் பரீட்சை முடிவைக்கூட என் முன்னால் சொல்ல மாட்டார்கள். நான் கோயில் வாங்குப் பலகையில் வந்து இருந்தால் கைக்குழந்தைகளை மறுபக்கம் திருப்பிப் பிடிப்பார்கள். வீட்டுக்கு வந்து சிரித்துச் சொல்வேன். சில ஞாயிற்றுக்கிழமைகளில் சிரிக்க முடியாமல் அழுதும் இருக்கிறேன். ஜெறோம்தான் தானாகப் போய்ச் சொன்னான் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்மேல் இருந்த பழி நீங்கியிருக்கும். ஆனால் பஸ் பிடித்தவர்களும் நேர்ந்துகொண்டவர்களும் அவனை என்ன பாடு படுத்தியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். கை சுகமாகும்வரை என்னைத் திட்டிக்கொண்டிருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த ஆண்டுத் திருநாளுக்கு அவன் கூட்டைத் தொடவே இல்லை, கையை மார்போடு வைத்துக்கொண்டு பின்னால் நின்றான். அதற்கடுத்த ஆண்டு, மேற்கே ஓர் அணி அவனை முகாமுக்குக் கூப்பிட்டிருந்தது. ஐந்தாவது இடத்துக்கு மறுபடியும் இரண்டு பேர், அவர்களில் ஒருவன் அவன். அந்த அணி எங்களிடம் கேட்கவில்லை. நல்லதாயிற்று.

திருநாளன்று நான், கண்ணூற்றுக் கதைக்குப் பிறகு வழக்கமாகிவிட்ட இடத்தில், தூணுக்குப் பின்னால் நின்றேன். ஜெறோம் வந்தான். இடப்பக்கத்துத் தடியின் முன்முனையில் நின்றவர் ஒன்றும் கேட்காமல் விலகிக்கொடுத்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மறுபடியும் ஒரு கதை வேண்டாம் என்று நினைத்தேன்.

யாரோ என் முழங்கையைப் பிடித்தார்கள். பிலோமினா. இரண்டு ஆண்டுகளாக என் பக்கம் திரும்பாதவர், வரிசையை விட்டு வந்து எனக்குப் பக்கத்தில் நின்றார். கண் கலங்கியிருந்தது.

"நேற்றுத்தான் பிள்ளை எனக்கு எல்லாம் சொன்னவன்" என்றார். பிறகு என் நாடியைப் பிடித்துத் தூக்கி, முகத்தைக் கூட்டின் பக்கம் திருப்பினார். "பாருங்கோ அக்கா. நல்லாய்ப் பாருங்கோ."

பார்த்தேன். அவன் வலது தோளில் தடியை வாங்கினான். முழங்கை மடிந்து உயர்ந்தது. சின்ன விரல் மற்ற விரல்களோடு சேர்ந்து தடியைச் சுற்றி இறுகியது. மாதா அசையாமல் எழுந்தார்.